மொட்டைமாடியில் சோலார்: சேலத்தில் முதல்முறை போடுகிறவர்களுக்கு

எங்கள் வீடு கன்னங்குறிச்சியில், மூக்கனேரிக்குப் பக்கம். மாடியில் நின்றால் வடக்கே சேர்வராயன் மலை முழுதாகத் தெரியும். சோலார் போட வந்தவர்கள் மே மாதத்து நண்பகலில் மாடி ஏறினார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு வடக்குப் பக்கம் ஒரு பொட்டு நிழல் இல்லாமல் பளிச்சென்று கிடந்தது. "இங்கேயே போட்டுடலாங்க சார்" என்றார்கள். சரி என்றேன். நவம்பர் கடைசியில் துணி எடுக்கப் போனபோது பார்க்கிறேன், அதே தொட்டியின் நிழல் நட்டநடு மத்தியானத்தில் இரண்டு பேனல்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அன்றைக்குக் கண்ணில் பட்டதைச் சொன்னார்கள். சேலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11.65 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அன்றிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். மீதி எட்டு மாதமும் நிழல் வடக்கே விழும், டிசம்பரில் மிக நீளமாக. மே மாதத்தில் வந்து பார்த்தவருக்கு டிசம்பர் நிழல் எப்படித் தெரியும்? அந்த மாடியில் வருஷம் பூராவும் துணி காயப்போட்ட எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் புதிதாகப் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கம்பெனிக்காரரைக் கூப்பிடும் முன் இரண்டு வேலையை நீங்களே முடித்துவிடுங்கள். ஒன்று பழைய கரண்ட் பில், இன்னொன்று மாடி நிழல்.

பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். ஆறு பில் சேர்ந்தால் ஒரு வருஷம். ஈபி அட்டையில் எழுதியிருக்கும். இல்லையென்றால் மின்பகிர்மானக் கழக இணையதளத்தில் இணைப்பு எண் போட்டு எடுத்துக்கொள்ளலாம். தொகையைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி ஓடும் வீட்டுக்கும் மார்கழியில் அதே வீட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அப்போதுதான் தெரியும்.

அப்புறம் ஒரு சின்ன வாய்ப்பாடு. 1 கிலோவாட் பேனல் நம் பக்கத்தில் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். மார்ச், ஏப்ரலில் இதைவிடக் கூடும், ஐப்பசி கார்த்திகை மழையில் குறையும். கணக்குக்கு 4 போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். "இத்தனை கிலோவாட் போட்டால் பில் பூஜ்யம்" என்றுதான் எல்லோரும் விற்பார்கள். நமக்குப் பூஜ்யம் தேவையா என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ஒவ்வொரு இரண்டு மாதப் பில்லிலும் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் தட்டுத் தட்டாக விலை ஏறும். 500-ஐத் தாண்டினால் கீழ்த்தட்டுச் சலுகையும் போய்விடும். ஆக, மேலே இருக்கும் யூனிட்தான் விலை உயர்ந்தது. கீழே இருப்பது மலிவு.

இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். பகலில் நாம் செலவழிக்காமல் வெளியே கம்பத்துக்குப் போகும் யூனிட்டும் பில்லில் கழியும். 2024 ஜூலையில் வந்த விகிதப்படி பில் சுமார் 3,900 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் 240 யூனிட் குறைந்து 460 மிஞ்சும். பில் சுமார் 1,600. 2 கிலோவாட் போட்டால் 220 யூனிட்தான் மிஞ்சும். பில் 330 வாக்கில் வரும். 3 கிலோவாட் போட்டால் பூஜ்யம். அதாவது முதல் கிலோவாட் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 13,800 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. இரண்டாவது 7,600. மூன்றாவது வெறும் 2,000.

மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் போகக் கையிலிருந்து முப்பதாயிரத்துக்கு மேல் போகும். வருஷம் 2,000 ரூபாய்க்காக அதைப் போடலாமா என்பது உங்கள் விருப்பம். நான் போடவில்லை. ஆனால் அடுத்த வருஷம் இன்னொரு ஏசி வாங்கப் போகிறீர்கள், மின்சார ஸ்கூட்டர் வரப்போகிறது, அடுப்பு இண்டக்‌ஷனுக்கு மாறப்போகிறது என்றால் கணக்கு வேறு. அப்போது 3 கிலோவாட் சரியான அளவுதான்.

கீழ் வீடு, மேல் வீடு என்று இரண்டு மீட்டர் இருக்கிறதா? சேலத்தில் பாதி வீடுகள் அப்படித்தான். ஒரு சோலார் ஒரு இணைப்போடுதான் சேரும். எந்த மீட்டர் 500-ஐத் தாண்டுகிறதோ அதோடு சேருங்கள். இரண்டும் தலா 200 யூனிட்டுக்குள் ஓடுகிறதென்றால், வெளிப்படையாகச் சொல்கிறேன், உங்களுக்கு இப்போதைக்கு சோலார் தேவையில்லை. அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டைப் பக்கம் வீட்டோடு தறி போட்டிருப்பவர்கள் கவனிக்க: கீழே சொல்லும் மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும். விசைத்தறி இணைப்புக்குக் கிடையாது.

நிழல் பார்ப்பது

பேனலுக்குள் சில்லுகள், அதாவது வெயிலை மின்சாரமாக்கும் செல்கள், வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. பேனல்களும் ஒன்றோடொன்று வரிசையாகவே கோக்கப்படுகின்றன. எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓட முடியும். ஊடை நூல் ஓரிடத்தில் அறுந்தால் தறியே நிற்கிறதல்லவா, கிட்டத்தட்ட அந்த மாதிரி. முழுதாக நின்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு பேனலிலும் பொதுவாக மூன்று டையோடுகள் இருக்கும். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக்கொண்டு மின்சாரத்தை அனுப்பும். அதனால்தான் கொடிக்கம்பியின் மெல்லிய நிழல் பெரிதாகக் கெடுக்காது, தொட்டியின் அடர்ந்த நிழல் ஒரு முழம் விழுந்தாலும் பேனலின் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பிட்டுவிடும்.

டிசம்பர் வரைக்கும் காத்திருக்காமலே நிழலை அளக்கலாம். மார்கழி நண்பகலில் சேலத்தில் சூரியன் சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். ஒரு பொருளின் உயரத்தில் 0.7 பங்கு நீளத்துக்கு நிழல் வடக்கே விழும். காலை ஒன்பது, ஒன்பதேகாலுக்கு நிழல் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு, வடமேற்காக. மாலை மூன்றே காலுக்கு அதே நீளம், வடகிழக்காக. உயரம் என்பது தரையிலிருந்து அல்ல, பேனல் நிற்கும் மட்டத்திலிருந்து. என் வீட்டில் தொட்டியின் உச்சி மாடித் தரையிலிருந்து 12 அடி, பேனல் 3 அடி உயரத்தில். 9 அடிக்கு 0.7 என்றால் ஆறடிக்கு மேல் நிழல். பேனலோ தொட்டியிலிருந்து நாலடியில். இந்தப் பெருக்கலை மே மாதமே போட்டிருந்தால், பிறகு இரண்டு பேனலை இடம் மாற்ற நாலாயிரம் ரூபாய் கொடுத்திருக்க வேண்டாம்.

மாடிப்படி அறை, தொட்டி, டிஷ் ஆன்டெனா, கைப்பிடிச் சுவர், பக்கத்து வீட்டுத் தென்னை, எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட்டு சாக்பீஸால் கோடு கிழியுங்கள். ஒன்பதிலிருந்து மூன்று வரை எந்தக் கோடும் தொடாத இடமே பேனலுக்கு உரியது. பக்கத்து மனை காலியாக இருந்தால், அதுவும் தெற்கே இருந்தால், நாளைக்கு அங்கே இரண்டு மாடி எழும் என்று நினைத்துக்கொண்டே கோடு கிழியுங்கள்.

பேனல் தெற்குப் பார்க்க வேண்டும், சாய்வு 10 முதல் 12 பாகை. நம் அட்சரேகை அவ்வளவுதான் என்பதால் அதிகச் சாய்வு வேண்டாம். தெற்கே தோது இல்லையென்றால் கிழக்கோ மேற்கோ பார்த்து வைத்தாலும் இந்தச் சின்னச் சாய்வில் சில சதவீதம்தான் குறையும். நிழலோடு தெற்கு பார்ப்பதைவிட நிழலில்லாமல் கிழக்கு பார்ப்பது மேல்.

இடம் எவ்வளவு வேண்டும்? இப்போது வரும் 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், 28 கிலோ எடை. 2 கிலோவாட்டுக்கு நாலு பேனல். சுற்றி நடந்து துடைக்க வழி விட்டு, 1 கிலோவாட்டுக்கு 100 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் நெருக்கடி வராது. கான்கிரீட் தளத்துக்கு இந்த எடை ஒன்றும் பெரிதல்ல. குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மர உத்தரம் போட்டுச் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் இருக்கும். அதன் மேல் ஏற்றுவதற்கு முன் ஒரு சிவில் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும்.

மானியமும் காகிதங்களும்

2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் பிஎம் சூர்யா கர் திட்டத்தின்படி மானியம் முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் 78,000தான். அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது விளக்கு, மோட்டாருக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000.

விண்ணப்பம் அந்தத் திட்டத்தின் தேசிய இணையதளத்தில்தான். கைபேசி எண், மாநிலம், மின்வாரியம், இணைப்பு எண் கொடுத்துப் பதிய வேண்டும். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஒப்புதல் தானாகவே கிடைத்துவிடுகிறது. பிறகு அங்கேயே பட்டியலில் இருக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலில் இல்லாதவரிடம் போட்டால் மானியம் வராது.

தடங்கல் வருவது பெரும்பாலும் பெயரில். ஈபி இணைப்பு இன்னும் காலமான அப்பா பேரிலோ, மனையை விற்றவர் பேரிலோ இருக்கும். ஆதாரில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் முன்னெழுத்து இடம் மாறி ஒரு பெயர். விண்ணப்பத்துக்கு முன் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்ளுங்கள். அப்படியே பில்லில் 'அனுமதிக்கப்பட்ட மின்சுமை' எவ்வளவு என்று பாருங்கள். பழைய வீடுகளில் 1 கிலோவாட் என்றே இருக்கும். போடப்போகும் சோலார் அதைவிடப் பெரிது என்றால் சுமையை உயர்த்தச் சொல்வார்கள். இதற்குப் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு நடை போய் உதவிப் பொறியாளரைப் பார்த்துவிடுவது நல்லது. மீட்டர் மாற்றம், சோதனை, இவற்றுக்கு என்னென்ன கட்டணம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

மானியம் கடைசியில்தான் வரும். முழுத் தொகையையும் முதலில் நாம்தான் கொடுக்க வேண்டும். பொதுத்துறை வங்கிகளில் இந்தத் திட்டத்துக்கென்று ஈடு கேட்காத கடன் 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. வீட்டுக் கடனைப் போல அலைச்சல் இல்லை. "அரசாங்கம் முழுக்க இலவசமாப் போட்டுத் தருது, ஓடிபி சொல்லுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.

விலைப்பட்டியலைப் படிப்பது

மூன்று பேரிடமாவது வாங்குங்கள். எனக்கு 2 கிலோவாட்டுக்கு வந்தவை ஒன்றேகால் லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை இருந்தன. ஒரே வேலைக்கு இருபத்தைந்தாயிரம் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பேனலில் அல்ல. பேனல் விலை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இரும்பிலும், ஒயரிலும், எர்த்திலும் இருக்கிறது. கண்ணாடி பளபளப்பதை நாம் பார்க்கிறோம். கம்பியின் தடிமனை யாரும் பார்ப்பதில்லை.

மானியம் வேண்டுமென்றால் பேனல் டிசிஆர் வகையாக இருக்க வேண்டும், அதாவது சில்லும் பேனலும் இந்தியாவிலேயே செய்யப்பட்டவை. 'இந்தியத் தயாரிப்பு' என்று மட்டும் எழுதித் தந்தால் போதாது. சில்லு வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே கோக்கப்பட்டதாக இருக்கலாம். 'டிசிஆர்' என்ற சொல் பட்டியலிலும் ரசீதிலும் இருக்கட்டும். பேனலுக்குப் பொருள் உத்தரவாதம் பத்துப் பன்னிரண்டு வருஷம், உற்பத்தி உத்தரவாதம் 25 வருஷம் என்பது வழக்கம். இன்வெர்ட்டருக்கு, அதாவது பேனலில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டிக்கு, எத்தனை வருஷம் என்று தனியாகக் கேளுங்கள். முதலில் பழுதாவது அதுதான்.

ஸ்டாண்டு சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த இரும்பா, வெறும் பெயின்ட் அடித்ததா என்று கேளுங்கள். 'துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, பூச்சு 80 மைக்ரான்' என்று எழுதி வாங்குங்கள். சித்திரை வைகாசியில் நம் ஊரில் கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் சூறைக்காற்றைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைகள் பறக்கும் காற்று அது. கீழே வற்றல் காயப்போட, கட்டில் போட்டுப் படுக்க என்று எட்டடி உயரத்தில் ஸ்டாண்டு கேட்கிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றின் இழுப்பும் கூடும். இரும்பும் கூட வேண்டும், செலவும் கூடும்.

கால்களை எப்படி நிறுத்துவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். தளத்தைத் துளைத்து போல்ட் போட்டால் காற்றுக்கு நிற்கும், ஆனால் தட்டோட்டை உடைத்த இடத்தில் சரியாக அடைக்காவிட்டால் அடுத்த மழையில் படுக்கையறையில் ஒழுகும். தளத்தின் மேல் கான்கிரீட் பீடம் வார்த்து அதில் கால் நிறுத்துவது எனக்குப் பிடித்த வழி. பீடத்தின் எடை போதுமானதாக இருக்க வேண்டும்.

எர்த் குழி மூன்று: பேனல் ஸ்டாண்டுக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று. 'வீட்டு எர்த்திலேயே சேர்த்துடறோம்' என்று சொல்பவரை வேண்டாமென்று சொல்லிவிடலாம்.

2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய விலைப்பட்டியலையே தூசு தட்டிக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பணத்தை ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம். பொருள் மாடிக்கு வந்ததும் ஒரு பங்கு, வேலை முடிந்ததும் ஒரு பங்கு. கடைசிப் பங்கை மீட்டர் மாற்றிப் பில் வரும் வரை கையில் வைத்திருங்கள். அதுவரைக்கும் உங்கள் போனை எடுப்பார்கள்.

பேட்டரி வேண்டுமா

முதல்முறை போடுகிறவர்கள் எல்லோரும் ஏமாறும் இடம் இது. கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். வெயில் கொளுத்தும்போதும் நிற்கும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் வீட்டிலிருந்து கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலெல்லாம் மின்தடை விடும் நாளில், மாடியில் இத்தனை வெயிலை வைத்துக்கொண்டு விசிறி மட்டையோடு உட்கார்ந்திருக்கும்போது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும்.

பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட்டால் நிற்காது. ஆனால் பேட்டரி செலவைப் பில்லில் மிச்சம் பிடிப்பது கடினம். வீட்டில் ஏற்கெனவே யூபிஎஸ் இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, பேட்டரி இல்லாத சோலார் போடுவதே நகரத்தில் சரி.

போடும் நாள்

அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள். பேனல்களின் வரிசை எண்களைப் போட்டோ எடுத்து ரசீதோடு ஒத்துப் பாருங்கள். எடுத்து வைக்கும்போது பேனல் மேல் முழங்கால் ஊன்ற விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இரண்டு வருஷம் கழித்துக் கறுப்புக் கோடாக வரும். ஒயர் தளத்தில் கிடக்கக் கூடாது, குழாய்க்குள் போக வேண்டும். பேனலுக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட்டம் வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் பேனல் 65 பாகைக்குச் சூடாகும். 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் மூன்றில் ஒரு சதவீதம் உற்பத்தி குறையும். அந்தக் கணக்கில் 13 சதவீதம் வெறும் சூட்டிலேயே போகிறது. வெயில் அதிகம் என்பதும் உற்பத்தி அதிகம் என்பதும் ஒன்றல்ல.

இன்வெர்ட்டருக்கும் அதே நியாயம். மேற்குச் சுவரில் மாட்டினால் மாலை வெயிலில் வெந்து தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும். வடக்குச் சுவர், மாடிப்படிக்குக் கீழே, காற்றுப் போகும் இடம், இப்படிப் பாருங்கள். டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து வீடு என்றால் நண்பகலில் மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வரம்பு மீறினால் இன்வெர்ட்டர் தானாக விலகிக்கொள்ளும். பேனல் மேல் பழி போடுவோம்.

வேலை முடிந்ததும் ஆசைக்கு சுவிட்சைப் போடாதீர்கள். மின்வாரியத்தினர் வந்து சோதித்து, இருவழி மீட்டர் மாட்டிய பிறகே ஓட வேண்டும். விதிமுறை ஒரு பக்கம் இருக்கட்டும், பழைய மீட்டருக்குப் போவதும் வருவதும் ஒன்றுதான். நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டையும் நீங்கள் எடுத்ததாகவே எழுதிவிடக்கூடும். மீட்டர் மாற்றியதும் அதற்கான சான்று இணையதளத்தில் ஏறும், வங்கி விவரம் கொடுத்தால் மானியம் கணக்குக்கு வரும்.

முதல் பில் வந்ததும் வீட்டில் ஒரு சண்டை வரும். கைபேசிச் செயலி 480 யூனிட் உற்பத்தி என்று காட்டும். பில்லில் வெளியே போனது 300 என்றுதான் இருக்கும். மீதி 180 எங்கே? அது வெளியே போகவே இல்லை. பகலில் மோட்டாரும் ஃபிரிட்ஜும் மிக்சியும் அதை நேரடியாகச் சாப்பிட்டுவிட்டன. கம்பத்திலிருந்து 520 எடுத்தீர்கள், 300 கொடுத்தீர்கள், பில் 220-க்கு. வீட்டின் மொத்தச் செலவு 520-உம் 180-உம் சேர்ந்து 700. எங்கள் வீட்டில் இதைச் சர்க்கரை டப்பாவை வைத்து விளக்க வேண்டியிருந்தது.

துடைப்பது

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடியற்காலையில். வெயிலில் சூடேறிய கண்ணாடியில் மத்தியானம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது. போர் தண்ணீர் வேண்டாம். நம் ஊர் போரில் வரும் உப்பு, வாளியில் படிவது போலவே கண்ணாடியில் வெள்ளையாகப் படியும், பிறகு தேய்த்தாலும் போகாது. மேட்டூர் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் ஒதுக்கினால் போதும். கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத் தூசு படியும் வீடுகளில் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும். புறா எச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். நிழலைப் போலத்தான் அதுவும்.

ஏற்காட்டில் என்றால்

என் தங்கை வீடு ஏற்காட்டில், காபித் தோட்டத்துக்குள். எங்கள் மாடியைப் பார்த்துவிட்டுத் தங்கை வீட்டுக்காரர் கேட்டார்: "இந்த மூடுபனியில இது ஓடுமாங்க மச்சான்?"

ஓடும். 1,500 மீட்டர் உயரத்துக் குளிர் பேனலுக்கு நல்லது. கீழே சூட்டில் இழப்பதை அங்கே இழக்க மாட்டோம். வானம் தெளிந்த தை மாசி மதியத்தில் அங்கே இருக்கும் பேனல் நம்முடையதைவிட நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காலை பத்து வரை பனி விலகாத நாட்களும், மழைக்கால மேகமும் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். அதனால் நாளைக்கு 4 யூனிட் கணக்கை அங்கே போடாமல், கொஞ்சம் குறைத்தே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

பனியைவிடப் பெரிய எதிரி சில்வர் ஓக். காபிக்கு நிழல் தரவே வளர்த்த மரம் அது. பேனலுக்கும் நிழல் தரும். வீட்டுக் கூரையைச் சுற்றிப் பார்த்தோம், எங்கும் கோடு கிழிக்க இடமில்லை. அப்புறம்தான் காபி களம் ஞாபகம் வந்தது. மார்கழியிலும் தையிலும் பழத்தைக் காயவைக்க, வருஷத்தில் நிழல் மிக நீளமான மாதங்களில் வெயில் விழும் இடமாகப் பார்த்து அவருடைய தாத்தா போட்ட களம். நான் பெருக்கல் போட்டுக் கண்டுபிடித்ததை அவர் களம் போட்டே கண்டுபிடித்திருக்கிறார். களத்தின் வடக்கு ஓரத்தில், வீட்டோடு ஒட்டியே ஒரு சரக்கறை. அதன் தகரக் கூரை தெற்குப் பார்த்துச் சரிந்திருக்கிறது.

அங்கே போடுவதாக முடிவு. தகரத்துக்குக் கீழே இருக்கும் சட்டம் தாங்குமா என்று பார்க்க ஆள் வருகிறார். சாய்வை 15 பாகைக்கு ஏற்றச் சொல்லியிருக்கிறேன், தண்ணீர் நிற்காமல் ஓடினால் பாசி பிடிக்காது. மலையில் இடி அதிகம், பாறையில் எர்த் குழி சுலபத்தில் இறங்காது. களத்துக்குக் கீழே ஈரமண் இருக்கும் சரிவு வரைக்கும் எர்த் பட்டையை இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். அந்தச் செலவைப் பட்டியலில் தனியாகக் காட்டச் சொன்னோம். ஒயர் ஓரங்குலம்கூட வெளியே தெரியக் கூடாது என்றும் சொன்னோம், குரங்குகளுக்காக. பேனல்களைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திக் கட்டி ஏற்ற வேண்டும், இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

"எப்பங்க மச்சான் ஆரம்பிக்கலாம்?" என்றார். இந்த மார்கழியில் பழம் காயப்போடும்போது, சரக்கறைக் கூரையில் ஒன்பது மணி நிழலும் மூன்று மணி நிழலும் எங்கே நிற்கின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.